நீச்சற்கலையின் வரலாறும் நம் மலைநாட்டு மக்களும்

நீரால் வாழும் ஊர் நம் சித்திரபுரம். மூணாற்றிலிருந்து வரும் முதிரப்புழை நீர் மலையைக் குடைந்த வழியே வந்து, பெருங்குழாய்களில் இறங்கி, நம் கண்ணெதிரே மின்னாற்றலாக மாறுகின்றது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமாகிய பள்ளிவாசல் நிலையம் 1940ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அன்று முதல் நம் ஊரின் பெயரும் நீரின் பெயரும் பிரியாமல் வழங்கி வருகின்றன. சுற்றிலும் மாட்டுப்பட்டி, குண்டளை, ஆனையிறங்கல் எனத் தேக்கங்கள். மழைக்காலத்தில் பாறைதோறும் அருவிகள்.

இத்துணை நீருக்கு நடுவே வளர்கின்ற நம் பிள்ளைகளுள் நீந்த அறிந்தோர் எத்தனை பேர்? ஒவ்வொரு வீட்டாரும் தம் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். விடை மகிழ்ச்சி தருவதாக இராது. உடலைப் பேணும் பயிற்சிகளுள் நீச்சலே தலையாயது என மருத்துவர் பலரும் கூறும் இந்நாளில், நீருக்கு அருகில் இருந்தும் நீருக்கு அந்நியராய் நாம் வாழ்வது ஏன்? இவ்வினாவுக்கு வரலாறு தெளிவான விடை தருகின்றது. அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழரும் நீரும்

தமிழர் நீராடலை வெறும் உடல் தூய்மைக்குரிய செயலாக மட்டும் கொண்டவர் அல்லர். புதுப்புனல் வந்த நாளை விழாவாகவே கொண்டாடினர். வையைப் புனலாட்டைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. புறநானூற்றின் 243ஆம் பாட்டில், கோலூன்றி நடக்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். செல்வத்தையோ பதவியையோ அவர் நினைந்து ஏங்கவில்லை. நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்மடுவிற் பாய்ந்து, அடிமணலை அள்ளிவந்த நாளையே எண்ணி ஏங்குகின்றார். நீச்சல் உடல் வலிமையின் அளவுகோலாகத் தமிழகத்தில் ஈராயிரம் ஆண்டுகளாக விளங்கிற்று என்பதற்கு இதனினும் நற்சான்று வேண்டுமோ?

நீரின் மற்றொரு முகத்தையும் நம் முன்னோர் மறந்தாரில்லை. கழார்த் துறையில் புனலாடிய ஆட்டனத்தியைக் காவிரி கவர்ந்து சென்றதும், அவன் மனைவி ஆதிமந்தி கரைநெடுகக் கதறித் தேடியதும் பழம்பாடல்களிற் பதிந்து நிற்கின்றன. களிப்புக்குரிய அதே நீர் உயிரையும் கொள்ளும் என்ற எச்சரிக்கை அதனுள் இருக்கின்றது.

இலக்கிய காலத்தோடு இவ்வழக்கம் முடிந்துவிடவில்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போடி மலைவழியே தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிவந்த நம் முன்னோரின் ஊர்களில் கண்மாய்களும் கமலைக் கிணறுகளும் இருந்தன. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டியோ, வாழைத்தண்டைப் பற்றச் செய்தோ சிறுவர்களைக் கிணற்றில் இறக்கி நீந்தப் பழக்குவது ஊர் வழக்கம். முங்குநீச்சல், மல்லாந்த நீச்சல், கடப்பாரை நீச்சல் என அவர்கள் வைத்த பெயர்களே அப்பயிற்சியின் வளத்தைக் காட்டும். தேங்கி நிற்கும் நீரும், கற்பிக்கும் மூத்தோரும் அங்கே இருந்தனர். மலைக்கு வந்தபின் ஓடும் நீர் இருந்தது. தேங்கிய நீர் இல்லை. விடியலிற் புறப்பட்டு மாலையில் திரும்பும் தோட்ட வாழ்வில் கற்பிக்க ஓய்வும் இல்லை. ஓரிரு தலைமுறைகளுக்குள் கலை கைநழுவியது.

குளத்தின் கரையில் நின்ற தடை

நம் நாட்டு நீச்சல் வரலாற்றைக் கூறுங்கால் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. குளங்கள் இருந்த ஊர்களிலும் அவை எல்லார்க்கும் உரியனவாக இருந்ததில்லை. பிறப்பைக் காட்டிப் பெருந்தொகையான மக்கள் பொதுக்குளத்தின் படியிலும் கால்வைக்க இயலாதவாறு தடுக்கப்பட்டனர். 1927 மார்ச்சில் மராட்டிய நாட்டு மகாடு நகரில் டாக்டர் அம்பேத்கர் பல்லாயிரவரைத் திரட்டிச் சென்று, பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியது அத்தடையை உடைப்பதற்காகவே. திருவிதாங்கூரில் சித்திரைத் திருநாள் மகாராஜா 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, பொதுக் கிணறு, குளம், குளிக்கும் படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரால் எவரையும் தடுத்தலாகாது என விதித்தது. நீரில் இறங்கும் உரிமை நம் மக்கட்குப் போராடிக் கிடைத்த உரிமை. அதனைப் பயன்படுத்தாது விடுவது நமக்கு அழகன்று.

தொழிலாளர்க்கென எழுந்த குளங்கள்

நீச்சற்குளம் என்றதும் செல்வர் மாளிகையும் பெருவிடுதியும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் இக்காலப் பொதுநீச்சற்குளம் பிறந்தது செல்வர்க்காக அன்று. பிரிட்டனில் ஆலைத் தொழில் பெருகி, நகரத்துத் தொழிலாளர் இடுக்கமான வீடுகளில் நோயுற்று வாடிய காலத்தில், 1846ஆம் ஆண்டில் பொதுக்குளியலறை, சலவையகச் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சிகள் பொதுப்பணத்தில் குளிக்குமிடங்களை அமைக்க அது வழிசெய்தது. 1878ஆம் ஆண்டுத் திருத்தம் கூரையிட்ட நீச்சற்குளங்கள் எழ ஊக்கம் அளித்தது. தொழிலாளியின் உடல்நலம் நாட்டின் நலம் என்னும் எண்ணமே அதன் அடிப்படை.

குளம் வந்ததும் நீச்சலின் தன்மை மாறியது. நீளம் அளந்து கட்டிய குளத்தில், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கும் மீண்டும் இக்கரைக்கும் எத்தனை முறை நீந்தினோம் என்று எண்ணலாம், காலத்தைக் கணக்கிடலாம், நேற்றைவிட இன்று முன்னேறினோமா என்று அறியலாம். வரிசையில் நீந்திச் சுற்றெண்ணும் பயிற்சி இவ்வாறே தோன்றிற்று. 1896இல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக் பந்தயத்தில் வீரர்கள் திறந்த கடலில் நீந்தினர். 1900இல் பாரிசின் சேன் ஆற்றில் நீந்தினர். 1908இல் இலண்டனில்தான் கட்டிய குளம் ஒலிம்பிக்கிற்கு வந்தது. 1924இல் பாரிசில், வரிசைகளைப் பிரித்துக் காட்டும் 50 மீட்டர்க் குளம் அமைந்தது. இன்று உலகெங்கும் 50 மீட்டரும் 25 மீட்டருமே நிலையான அளவுகள். 50 மீட்டர்க் குளத்தில் 20 நீளம் நீந்தினால் ஒரு கிலோமீட்டர். 25 மீட்டரில் 40 நீளம்.

இன்று விரைவுநீச்சல் எனப் போற்றப்படும் முறை எவரிடமிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. 1844இல் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் இலண்டனில் கைகளைத் தலைக்குமேல் மாறி மாறி வீசி நீந்திக் காட்டினர். தவளைபோல் மார்பு நீச்சல் நீந்திவந்த ஆங்கிலேயர் அதனை நாகரிகமற்றதென இகழ்ந்தனர். பின்னர், சாலமன் தீவிற் பிறந்த அலிக் விக்காம் என்னும் இளைஞர் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் அத்தீவு மக்களின் வழக்கப்படி நீந்த, அதனைக் கண்டு அந்நாட்டார் கற்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகமே அதனைப் பின்பற்றலாயிற்று. இகழப்பட்டோரின் கலையே இறுதியில் வென்றது.

கடலை வென்ற தமிழர்

நெடுந்தொலைவு நீச்சலில் உலகின் கண்ணைத் திறந்தவர் ஆங்கிலக் கப்பற்றலைவர் மாத்யூ வெப். 1875 ஆகஸ்டில் அவர் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்தார். இந்தியருள் முதன்முதல் அதனைக் கடந்தவர் மிகிர் சென், ஆண்டு 1958. மறு ஆண்டு, 1959 செப்டம்பர் 29ஆம் நாள், 19 வயது நங்கை ஆரதி சாகா அதே கால்வாயைக் கடந்து, ஆசியப் பெண்களுள் முதல்வர் என்னும் புகழ் பெற்றார். பெண்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்போர்க்கு அவர் வாழ்வே விடை.

நம்மவர் வரலாறும் இதற்குச் சளைத்ததன்று. ஈழத்துத் தமிழராகிய முருகுப்பிள்ளை நவரத்தினசாமி, 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை பாக்கு நீரிணையை ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திக் கடந்தார். அவருக்கு முன் அதனைச் செய்தார் எவருமிலர். வல்வெட்டித்துறை தந்த மற்றொரு வீரர், ஆழிக்குமரன் எனப் போற்றப்பெறும் ஆனந்தன். 1971இல் அவர் அந்நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்தினார். 1994இல் தமிழகத்துச் சிறுவன் குற்றாலீசுவரன், பன்னிரண்டு வயதில் பாக்கு நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் ஒரே ஆண்டிற் கடந்து, 1996இல் அருச்சுனா விருது பெற்றார். 2004இல் வங்கத்துப் பெண்மணி புலா சௌதுரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திவந்தார்.

இவ்வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. கால்வாயை வென்ற வெப், 1883இல் நயாகரா அருவிக்குக் கீழுள்ள சுழிநீரில் நீந்த முயன்று மாண்டார். ஆழிக்குமரன் ஆனந்தன் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயிலேயே உயிர் துறந்தார். உலகப் புகழ் பெற்ற வீரரையும் பாறையும் சுழியும் குளிரும் விடுவதில்லை எனின், நம் முதிரப்புழையில் விடுமுறை நாளில் விளையாட்டாக இறங்கும் இளைஞரின் நிலை என்ன? மலையாறு மேலே பெய்த மழையாற் சடுதியிற் பெருகும். அணை திறந்தாலும் பெருகும். 1924ஆம் ஆண்டு வெள்ளம் மூணாற்றின் இருப்புப்பாதையையே அழித்துச் சென்றதை நம் மூத்தோர் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆகவே ஆறும் தேக்கமும் நீந்திப் பழகும் இடங்கள் அல்ல. பழகுவதற்கு அளந்த நீர் வேண்டும். ஆழம் அறிந்த நீர் வேண்டும்.

உடலுக்குள் நிகழ்வது

நீச்சலை வீரர்க்குரிய பந்தயமாக மட்டும் கருதிய உலகம், அது எல்லார்க்கும் உரிய உடற்பயிற்சி என அறிந்தது அண்மையிலேயே. 1890களில் அமெரிக்க அறிஞர் அட்வாட்டர் மனிதனை ஓர் அறைக்குள் இருத்தி, அவன் உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். உணவால் வரும் ஆற்றலும் உழைப்பாற் செலவாகும் ஆற்றலும் கலோரிக் கணக்கில் வந்தன. 1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் தொடர்ந்து வேலை தரும் ஓட்டம், நீச்சல், மிதிவண்டி முதலிய பயிற்சிகளே நலம் தருவன என விளக்கி நூல் எழுதினார். அதன்பின், பந்தயத்தை நாடாத பொதுமக்களும் வைகறையில் குளம் சென்று எண்ணி நீந்தும் வழக்கம் பரவிற்று.

கணக்கு இதுதான். 60 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் சமநிலத்தில் நடந்தால் ஏறக்குறைய 100 கலோரி செலவாகும். அதே நேரம் மெல்ல நீந்தினால் ஏறக்குறைய 175. விரைந்து நீந்தினால் 300க்கு அருகில். ஓர் இட்லி 40 முதல் 60 கலோரி வரை தரும் எனக் கொண்டால், அரைமணி நேர மெல்லிய நீச்சல் மூன்று நான்கு இட்லிக்கு ஈடாகும். காற்றினும் நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனைத் தள்ளிச் செல்ல வேண்டியிருப்பதால், ஒரு கிலோமீட்டர் நீந்துவதற்கு அத்தொலைவை ஓடுவதற்கு ஆகும் ஆற்றலைப் போல் நான்கு மடங்கு ஆகும் என்பர்.

இதனைக் கேட்டு, நீந்தினால் உடனே உடல் மெலியும் என எண்ணிவிடலாகாது. குளிர்ந்த நீரில் நீந்திக் கரையேறியவர்க்குப் பசி மிகும். வீடு திரும்பிக் கூடுதலாக நான்கு தோசை உண்டால் கணக்கு நேராகிவிடும். நம் மலைக்குளிரில் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். நீச்சலின் உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது. கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே தாங்குகின்றன. கொழுந்துக் கூடையும் சுமையும் தாங்கிச் சரிவில் ஏறியிறங்கி முழங்காலும் இடுப்பும் தேய்ந்த நம் தாய்மார்க்கு, மூட்டுக்கு வலி தராமல் நெஞ்சுக்கும் தசைக்கும் வேலை தரும் பயிற்சி இதனினும் வேறு யாது?

தொடங்கும் முறை எளிது. முதலில் ஒரு நீளம் நீந்தி, மூச்சு அமைதியுறும்வரை ஓய்ந்து, மீண்டும் ஒரு நீளம். முகம் நீருக்குள் இருக்கையில் மூச்சை விடுதலும், தலையைத் திருப்பி வெளியே மூச்சை இழுத்தலும் பழகவேண்டும். புதியவர் களைப்பது பெரும்பாலும் கைகாலால் அன்று, மூச்சை அடக்குவதாலேயே. வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடுத்தர உடற்பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரம் ஐந்து நாள் அரைமணி நீந்தினால் அது நிறையும். நெஞ்சு நோயோ மிகை இரத்த அழுத்தமோ உடையவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

இடுக்கியிற் பிறந்தவர், நெய்வேலியில் நீந்தியவர்

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு வரலாறு இங்கே கூறத்தக்கது. 1993இல் இடுக்கியிற் பிறந்தவர் சாஜன் பிரகாஷ். அவர் தாயார் சாந்திமோள் இந்தியாவிற்காக ஓடிய வீராங்கனை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் பணிபுரிந்தார். அதனால் மகன் வளர்ந்தது தமிழ் மண்ணில், தொழிலாளர் குடியிருப்பாகிய நெய்வேலி நகரியத்தில். அங்கே குளம் இருந்தது; பயிற்சி இருந்தது. சிறுவன் நாள்தோறும் நீளங்களை எண்ணி நீந்தினான். 2015இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுகளில் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் நீந்தினார். பின்னர்க் கழுத்தெலும்பு வட்டு நழுவி, கையைத் தூக்கவும் வருந்தும் நிலை வந்தது. மீண்டும் பயின்று எழுந்தார். 2021 ஜூன் 26ஆம் நாள் உரோம் நகரில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடித் தகுதிக்கென வகுத்த காலம் 1 நிமிடம் 56.48 விநாடி. ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டில், அத்தகுதியை எய்திய முதல் இந்திய நீச்சல் வீரர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

நாம் சமவெளியிலிருந்து மலைக்கு வந்தோம், நீச்சலை இழந்தோம். அவர் குடும்பம் மலையிலிருந்து சமவெளிக்குச் சென்றது. அவர் நீச்சலைப் பெற்றார். பிறந்த மண்ணால் வந்த வேறுபாடு அன்று இது. தொழிலாளர் குடியிருப்பில் ஒரு குளத்தைக் கட்டி, அதனைப் பேணி, ஆசிரியரையும் அமர்த்திய ஏற்பாட்டால் வந்த வேறுபாடே இது.

நாம் செய்யத்தக்கது

பெருஞ்செலவில் மாளிகைக் குளம் கட்டினால்தான் ஆகும் என்பதில்லை. ஏழை நாடாகிய வங்காளதேசத்தில், ஊர்க்குளங்களிலேயே மூங்கில் மேடைகளை அமைத்து, நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகட்கு நீச்சல் கற்பித்தனர். 25 மீட்டர் நீந்துதல், நீரில் மிதந்து நிற்றல், தத்தளிப்பவரைக் கரையில் நின்றவாறே கழியோ கயிறோ நீட்டிக் காத்தல் ஆகிய மூன்றுமே பாடம். இவ்வாறு கற்ற பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறத்தல் பத்தில் ஒரு பங்கினும் குறைந்ததென 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. உலகில் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஐக்கிய நாடுகள் அவை ஜூலை 25ஆம் நாளை மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்ததும் அவ்வாண்டே.

ஆதலின், நம் சங்கம் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். ஒன்று, கோடை விடுமுறையில் பிள்ளைகளை, ஆண் பெண் வேறுபாடின்றி, ஆழம் குறைந்த பாதுகாப்பான குளமுள்ள ஓரிடத்திற்கு அழைத்துச் சென்று, தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு கற்பித்தல். இரண்டு, ஊராட்சியிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் 25 மீட்டர் நீளமுள்ள ஒரு பொதுக்குளம் வேண்டுமென ஒருமித்து விண்ணப்பித்தல். மூன்று, கயிறு எறிந்து காக்கும் முறையை நம் இளைஞர் யாவர்க்கும் இவ்வாண்டே பழக்குதல். இதற்குக் குளமும் வேண்டா, பணமும் வேண்டா.

புறநானூற்று முதியவர் இளமை போயிற்றே என இரங்கினார். இறங்கிப் பாய அவர்க்கு ஒரு மடு இருந்தது. நம் பிள்ளைகட்கு இளமை இருக்கின்றது. இறங்கத்தக்க நீரை அமைத்துத் தருதல் பெரியோராகிய நம் கடன். அக்கடனை ஆற்றத் தமிழன்பர் யாவரும் ஒன்றுபடுவோமாக! நீரை அஞ்சாத, ஆயினும் நீரை மதிக்கின்ற ஒரு தலைமுறை நம் மலையில் வளர்க!